வாரண்டி இருந்தும் பழுது நீக்கக் கடைக்காரர் மறுத்தால் என்ன செய்வது?

பெங்களூரில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி எட்டே மாதத்தில் பழுதாகியும், ஓராண்டு வாரண்டி இருந்தும், கடைக்காரர் கைவிரித்துவிட்டதாகக் கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாரண்டி பெரும்பாலும் தயாரிப்பாளர் தருவதுதான். ஆயினும் விற்றவரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. முதலில் ரசீது, வாரண்டி அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்து, இருவருக்கும் விநியோகச் சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள் (வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம்). 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் தாக்கல் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.