மேடேறினால் போதுமா?

கேள்வி: முதலமைச்சர் கோப்பை, கேலோ இந்தியா, விளையாட்டு உபகரணம் என்று பள்ளி விளையாட்டுக்கு அரசு பணத்தை இறைக்கிறது. எங்கள் மலைப் பிள்ளைகள் தினமும் மேடேறி இறங்கித்தான் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். அவர்களுக்குத் தனியாக உடற்கல்வி எதற்கு?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: அப்படிப் பார்த்தால் பச்சைத் தேயிலை மூட்டையோடு சரிவில் ஏறி இறங்கும் அம்மாக்கள் எல்லோரும் இந்நேரம் ஒலிம்பிக் போய் வந்திருக்க வேண்டுமே!

உங்கள் ஊரில் யார் நடக்கிறார்கள் என்று ஒருநாள் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளை வாசலிலேயே வேன் ஏறிவிடுகிறது. தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான் நடக்கிறது. அதுவும் கரடி நிற்கிறதா, காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து. ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேடு காலுக்கு வலுக் கொடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். பந்தைப் பிடிக்கவும், தோற்றால் கைகுலுக்கவும் மேடு சொல்லித்தராது.

‘இறைக்கிறது’ என்கிறீர்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் விளையாட்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. இதை இறைப்பது என்றால் கிள்ளிக் கொடுப்பதை என்னவென்று சொல்வது? முதலமைச்சர் கோப்பையில் பரிசுத் தொகை பெரிதுதான், தப்பில்லை. ஆனால் கோப்பை ஏற்கெனவே ஓடத் தெரிந்த பிள்ளைக்கு. ஓடக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா?

உண்மையான சிக்கல் அங்கேதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது உண்டு. சமவெளியில் நூறு தலை சேர்வது பெரிய விஷயமில்லை. இங்கே ஹட்டி என்கிற படுகர் ஊர் ஒரு மூலையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லைன் ஒரு மூலையில், நடுவில் பள்ளத்தாக்கு. பள்ளிகள் சிறிதாகத்தான் இருக்கும். தலையை எண்ணி ஆசிரியர் தருகிற கணக்கில் மலைப் பள்ளி எப்போதுமே தோற்கும். சரி, ஆசிரியர் இருக்கும் பள்ளியிலாவது பிள்ளைகள் ஆடுகிறார்களா என்றால், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்கிற கதையாக, கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் கை நீள்வது பி.டி. பீரியட் மேல்தான். அதைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் மைதானம். உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பார்த்தேன்: இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வாலிபால் வலை. ஒரு பக்க அணி கொஞ்சம் மேட்டில், இன்னொன்று கொஞ்சம் பள்ளத்தில். ஐந்து பாயின்டுக்கு ஒருமுறை பக்கம் மாறிக்கொள்கிறார்கள். கீழே தேயிலைச் சரிவில் ஒரு பையனை நிறுத்தியிருந்தார்கள், உருண்டு வரும் பந்தை மறிக்க. பந்து செடிக்குள் போய்விட்டால் அடித்தவனே போய் எடுக்க வேண்டும், அட்டைக்கடி அவன் பாடு. அதே பள்ளியின் பீரோவில் வட்டு, குண்டு, கிரிக்கெட் மட்டை எல்லாம் பளபளவென்று பூட்டிக் கிடந்தன. வட்டை எறிந்தால் யாருடைய கேரட் தோட்டத்தில் விழுமோ! தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குத் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். யார் வெளியே எடுப்பார்கள்? அந்தப் பள்ளிக்கு இறகுப்பந்தும் வளையப்பந்தும் சிலம்பமும் பொருந்தும். எது வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தால் போதும்.

நீலகிரியில் சமதளமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். குதிரை ஓட இடம் இருந்தது, கோல்ஃப் ஆட இன்றும் இருக்கிறது. (ஸ்னூக்கர் விதிகளை முதலில் எழுதி மாட்டியதுகூட ஊட்டி கிளப்பில்தான். அதற்கு ஒரு மேசை போதும் என்பது வேறு விஷயம்.) குத்தகை பாக்கி 822 கோடி என்று 2024இல் ஊட்டி பந்தயச் சாலையின் 52 ஏக்கரை அரசு மீட்டது. நல்ல காரியம். அங்கே சூழல் பூங்கா வரப்போவதாக அறிவித்தார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏற்கெனவே பூங்கா இருக்கிறது, ஏரி இருக்கிறது. உள்ளூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் ஓடிப் பழக அதில் ஓர் ஓரம் கிடைக்குமா என்று மாவட்டத்தில் எத்தனை பேர் கேட்டோம்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். இந்த வருட விளையாட்டு மானியத்தில் என்ன வாங்கினார்கள், பீரோ சாவி யாரிடம், வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலேயே நடந்தது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பதிலை இதே பக்கத்தில் போடுகிறேன்.