உசம்பாரா மலைக்காட்டு இறகுச்சிறகு அந்துப்பூச்சி: புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: தான்சானியாவின் கிழக்கு உசம்பாரா மலைக்காட்டில் தாவர ஆய்வுக்காகத் தங்கியிருக்கிறேன். இரவில் விளக்குக்கு வந்த சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகள் நான்கைச் சேகரித்து வைத்துள்ளேன். மூன்று ஆண், ஒன்று பெண் என்று நினைக்கிறேன். சிறகை விரித்தால் 11 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொரு சிறகும் இறகு இறகாகப் பிளந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் எந்தப் படத்தோடும் இவை ஒத்துப்போகவில்லை. டி.என்.ஏ. சோதனை செய்துவிட்டால் புதிய இனம் என்று அறிவித்து, என் ஆசிரியையின் பெயரைச் சூட்டலாமா?

பதில்: முதலில் இறகுகளை எண்ணிப் பாருங்கள். சிறகுக்கு ஆறு வீதம் இருபத்து நான்கு இருந்தால் அது அலுசிட்டிடே குடும்பம், பெரும்பாலும் அலுசிட்டா பேரினம். ஐரோப்பிய இனம் ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இல் ‘ஆறு விரல்’ என்ற பொருளில் ஹெக்சடாக்டைலா என்று பெயரிட்டது இதைக் கண்டுதான். முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் மட்டும் பிளந்திருந்தால் அது டெரோஃபோரிடே என்னும் வேறு குடும்பம். நூல்தேட்டமே வேறு திசையில் போக வேண்டும். உங்கள் விவரிப்பை வைத்து முதலாவது என்றே கொள்கிறேன்.

படங்களோடு ஒத்துப்போகவில்லை என்பது ஒரு சான்றே அன்று. இப்பேரினத்தில் பழுப்பும் வெள்ளையுமான பட்டைகள் பெரும்பாலான இனங்களில் ஏறக்குறைய ஒரே பாங்கில் ஓடுகின்றன. ஒரே இனத்துக்குள் அவை மங்கியும் அடர்ந்தும் வேறுபடுகின்றன. சில நாள் பறந்து செதில் உதிர்ந்த பூச்சி வேறொன்றுபோலவே தோன்றும். இனத்தைப் பிரித்துக் காட்டுவது வயிற்றின் நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளே. ஆகவே உங்கள் வேலை நுண்ணோக்கியின் கீழ் தொடங்குகிறது.

வயிற்றை முழுதாகக் கழற்றி, பத்து விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரவு முழுவதும் குளிர்ச்சியாகவோ, சில நிமிடங்கள் இளஞ்சூட்டிலோ ஊறவிட வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் மென்மையான சவ்வுகள் கரைந்துவிடும். பெண் பூச்சியில் விந்தைப் பெறும் சவ்வுப் பைதான் முக்கியம். பிறகு நீரில் இட்டு மென்தூரிகையால் செதில்களையும் கொழுப்பையும் நீக்கி, குளோரசால் பிளாக் சாயம் ஏற்றி, ஆல்கஹாலில் நீரகற்றி, யூபரால் என்ற பிசினில் கண்ணாடித் தகட்டின்மேல் பதிக்கலாம். ஆணில் அன்கஸ் என்ற மேல்நுனி உறுப்பின் வடிவம், வால்வா எனப்படும் பக்கமடல்களின் நீளம், ஃபாலஸ் என்ற புணர்ச்சிக் குழலினுள் இருக்கும் முட்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும், பெண்ணில் பையின் குழாயையும் அதனுள் காணப்படும் சிக்னம் என்ற கெட்டியான தகட்டையும் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல்வில்லையை வைத்து அழுத்துவதற்கு முன்பே, கிளிசரினில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டிலும் அடியிலுமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தியபின் தட்டையாகிப்போன உறுப்பைப் பார்த்து ‘அகன்ற வால்வா’ என்று எழுதி ஏமாந்தவர்கள் பலர். கண்ணாடித் தகட்டின் எண்ணை அதே பூச்சியின் ஊசியிலும் குத்தி வையுங்கள். எண் தொலைந்த தகடு எதற்கும் பயன்படாது.

நான்கே பூச்சிகள் இருக்கும்போது டி.என்.ஏ.வுக்காகக் கால்களை ஒடிக்கத் தயங்குவது நியாயம். வயிற்றை முதலில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதிக் கரைசலில் ஊறவிட்டு, அந்தக் கரைசலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்த பின், மிஞ்சும் கூட்டையே மேற்சொன்னவாறு உறுப்பு ஆய்வுக்கு எடுக்கலாம். இனங்காண உதவும் பார்கோடாகப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டு 658 காரங்கள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) நீளமுடையது. ஆனால் அதன் முடிவை மிகையாக நம்ப வேண்டாம். தரவுத்தளத்தில் நெருங்கிய பொருத்தம் இல்லையென்றால், நூறாண்டுக்கு முன் பெயரிடப்பட்ட இனத்தின் வரிசை இதுவரை அங்கே ஏற்றப்படவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். மேலும் கென்யாவின் டைட்டா குன்றுகளிலிருந்து தான்சானியாவின் உட்ஸுங்வா வரை நீளும் கிழக்கு வளைவு மலைகள் வறண்ட சமவெளியால் சூழப்பட்ட காட்டுத் தீவுகள். ஒரே இனத்தின் கூட்டங்கள் மலைக்கு மலை பிரிந்து நெடுங்காலம் ஆனதால் சி.ஓ.ஐ. அமைந்துள்ள தாய்வழி டி.என்.ஏ.வில் மட்டும் பெரிய இடைவெளி காட்டக்கூடும். இத்தனை விழுக்காடு வேறுபட்டால் வேறு இனம் என்ற விதி எதுவும் கிடையாது. உறுப்பும் டி.என்.ஏ.வும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். முரண்பட்டால் பக்கத்து மலையிலிருந்து மாதிரிகள் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

இனி, பலர் அலட்சியப்படுத்தும் பகுதி: ஏற்கெனவே பெயரிடப்பட்டவற்றோடு ஒப்பிடுதல். ஆப்பிரிக்கச் சிற்றந்துப்பூச்சிகளில் பெருந்தொகையானவற்றுக்குப் பெயரிட்டவர் எட்வர்ட் மெய்ரிக் (1854–1938). இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர் அவர். அவருடைய பெயர்களில் இலக்கணப் பிழை தேடுவது வீண். ஆனால் அவர் வயிற்றை அறுத்துப் பார்த்தவரல்லர், கைவில்லையோடு நின்றுவிட்டார். எனவே அவருடைய இரண்டு மூன்று வரி வருணனையைப் படித்து உங்கள் பூச்சியை விலக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் உள்ள வகைமாதிரிகளின் (பெயரிடும்போது ஆதாரமாக வைக்கப்பட்ட பூச்சிகளின்) உறுப்புப் படங்களைக் காப்பாளர்களிடம் கேட்டுப் பெற வேண்டும். இதில் ஒரு பொறியும் உண்டு. நாம் இன்று அலுசிட்டா என்பதை மெய்ரிக் ஆர்னியோடிஸ் என்று எழுதினார். அவருடைய அலுசிட்டாவோ டெரோஃபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய நூல்களில் அலுசிட்டா என்று மட்டும் தேடினால் தேவையற்றவை கிடைக்கும், தேவையானவை தப்பிவிடும். அண்மை ஆண்டுகளில் பீட்டர் உஸ்ட்யுஜானினும் வாசிலி கோவ்துனோவிச்சும் ஆப்பிரிக்காவிலிருந்து இப்பேரினத்தில் பல புதிய இனங்களை வெளியிட்டிருக்கிறார்கள். அவை பல இதழ்களில் சிதறியுள்ளன. ஆப்பிரிக்க அந்துப்பூச்சிகளுக்கான அஃப்ரோமாத்ஸ் இணையத் தரவுத்தளத்தில் தொடங்கி ஒவ்வொரு கட்டுரையையும் கைக்கொண்டு பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தனித்து நின்றால் எழுதலாம். பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி பெயர் புதியது என்று வெளிப்படையாகக் கூறவும், பிற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகளைச் சொற்களில் தரவும், ஹோலோடைப் எனப்படும் பெயர்தாங்கி மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று குறிப்பிடவும் வேண்டும். ஓர் ஆணைத் தேர்வதே இக்குழுவில் பயனுள்ளது. மின்னிதழில் மட்டும் வெளிவருமானால், கட்டுரை வெளியாகுமுன் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிந்து, அப்பதிவுச் சான்று கட்டுரையிலேயே இருக்க வேண்டும். இல்லையேல் பெயர் செல்லாது. உங்கள் அனுமதி தாவரங்களுக்கு மட்டுமானது என்றால், பூச்சிகளைப் பற்றித் தான்சானியாவின் காஸ்டெக் (அறிவியல் தொழில்நுட்ப ஆணையம்), டாவிரி (வனவிலங்கு ஆய்வு நிறுவனம்) ஆகிய அமைப்புகளிடம் உடனே பேசுங்கள். அனுமதி எண் இல்லாத மாதிரியை ஏற்க நல்ல அருங்காட்சியகங்கள் தயங்கும். ஹோலோடைப்பை ஆப்பிரிக்காவிலேயே, எடுத்துக்காட்டாக நைரோபியிலுள்ள கென்யத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்க இயலுமா என்று கேட்டுப்பார்ப்பது முறை என்பது என் கருத்து.

ஆசிரியையின் பெயரைச் சூட்டலாம், தடையில்லை. ஒரு பெண்ணைக் குறிக்கும் பெயருக்கு லத்தீனில் ‘ஏ’ என ஒலிக்கும் ஈறும், ஓர் ஆணுக்கு ‘இ’ ஈறும் வரும். மாறிப் போட்டுவிட்டால் படிப்பவர் அவரை ஆணென்றே எண்ணுவர். அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஒப்பிட்டபின் அது மெய்ரிக்கின் இனங்களில் ஒன்றே என்று தெரியவரலாம். அப்போதும் கட்டுரையைக் கைவிட வேண்டாம். வெறும் வெளித்தோற்றத்தால் மட்டும் அறியப்பட்டு, பெண்ணின் உறுப்புகள் ஒருபோதும் வரையப்படாத இனங்கள் அப்பட்டியலில் இருக்கின்றன. உங்கள் நான்காவது பூச்சியின் தகடு அங்கே தேவைப்படும்.