முதலில் பூஞ்சையின் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் தம்பிக்கு நுரையீரலில் பூஞ்சை என்கிறார்கள். வோரிகோனசோல் போதுமா?

எந்தப் பூஞ்சை? அஸ்பர்ஜில்லஸ் என்றால் வோரிகோனசோல் நல்ல மருந்து. 2002இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் 12 வாரங்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். பழைய ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 58 சதவீதம். ஆனால் மியூகர் என்றால் வோரிகோனசோல் அதைத் தொடாது. ஆம்போடெரிசினின் புதிய வடிவமான லிப்போசோமல் ஆம்போடெரிசின் வேண்டும். முடிந்த இடத்தில் அழுகிய திசுவை அறுவை செய்து அகற்றவும் வேண்டும். சி.டி. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ரத்தத்தில் அஸ்பர்ஜில்லஸைத் தேடச் செய்யும் காலக்டோமன்னன் சோதனை மியூகரைக் காட்டாது. நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரைச் சோதித்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: காய்ச்சல் நின்றுவிட்டது. மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. அஸ்பர்ஜில்லஸுக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரங்கள்.

கேள்வி: சிறுநீரக மாற்று செய்துகொண்டவன். நிராகரிப்பைத் தடுக்க எடுக்கும் டாக்ரோலிமஸுடன் வோரிகோனசோல் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், கவனத்தோடு. டாக்ரோலிமஸ் உடலிலிருந்து வெளியேறுவதை வோரிகோனசோல் தடுக்கிறது. அதனால் வழக்கமாக டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ரத்த அளவை அடிக்கடி பார்ப்பார்கள். வோரிகோனசோலை நிறுத்தும் நாளில் கணக்கு தலைகீழாகும். டாக்ரோலிமஸின் அளவைக் கூட்ட மறந்தால் உடல் புதிய சிறுநீரகத்தையே நிராகரிக்கக்கூடும். உங்கள் மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்குத் தெரியாமல் எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: சளியில் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்திருக்கிறது.

பெரும்பாலும் வாயிலிருந்து வந்தது. ரத்தத்தில் வளர்ந்தால்தான் அவசரம்.

கேள்வி: நான் மருத்துவர். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 20,000க்கும் கீழே இருப்பவரிடம் திசு எடுக்கச் சொல்கிறீர்களா? பெயர் தேடும் நேரத்தில் நோயாளி போய்விடுவார்.

ஊசி குத்தித் திசு எடுக்கச் சொல்லவில்லை. கழுவு நீர் என்றுதான் சொன்னேன். காத்திருக்கவும் சொல்லவில்லை. சந்தேகம் வந்த அன்றே, இரண்டுக்கும் வேலை செய்யும் லிப்போசோமல் ஆம்போடெரிசினைத் தொடங்குங்கள்.

கேள்வி: அதே மருத்துவர். சிறுநீரகம் கெடுமே?

கெடலாம். பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின் மூன்றையும் அடிக்கடி பாருங்கள். அந்த ஆபத்துக்கு அஞ்சி, மியூகராக இருக்கலாம் என்ற நிலையில் வோரிகோனசோலை மட்டும் கொடுப்பதை ஏற்கமாட்டேன். மருந்து தொடங்கியதும் பெயர் தேடுவதைக் கைவிடுவதுதான் என் சண்டை. பெயர் தெரிந்தால் அஸ்பர்ஜில்லஸ் உள்ள நோயாளியை ஆம்போடெரிசினிலிருந்து விடுவிக்கலாம். நீங்கள் கவலைப்படும் சிறுநீரகமும் தப்பும்.

கேள்வி: அம்மாவுக்கு அஸ்பர்ஜில்லஸ். காய்ச்சல் இல்லை, மாத்திரையை நிறுத்தலாமா?

மேலே சொல்லிவிட்டேன்: கூடாது. வெள்ளணுக்கள் மீண்டனவா, படத்தில் புண் சுருங்கியதா என்று பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார்.

கேள்வி: தோலில் படர்தாமரை.

தோல் மருத்துவரிடம் போங்கள்.