கணவர் கதை போதும்

கேள்வி: கணவர் மர்லின் மன்றோவோடு பழகியதில் மனமுடைந்து, குடித்துக் குடித்தே அழகை இழந்தவர் பிரெஞ்சு நடிகை சிமோன் சிஞோரே என்று படித்தேன். பாவம்தானே அவர்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. அவரைப் பற்றிப் படிக்க எவ்வளவோ இருக்க, இந்தச் சமாச்சாரம்தானா கையில் சிக்கியது?

விவகாரம் நடந்தது 1960-ல். கணவர் இவ் மொந்தான் அப்போது மன்றோவோடு ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அதே வருடம் ஏப்ரலில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கியது யார்? இந்த அம்மாதான். அதுவும் 'ரூம் அட் த டாப்' என்ற பிரிட்டிஷ் படத்துக்காக. அணு ஆயுதத்துக்கு எதிரான ஸ்டாக்ஹோம் வேண்டுகோளில் கையெழுத்துப் போட்ட இடதுசாரிகள் என்று இந்தத் தம்பதிக்குப் பல வருடம் விசா கொடுக்காமல் இருந்த நாடுதான், ஆஸ்கர் கொடுத்த அமெரிக்கா. சரி, சோவியத்துக்குத் தலையாட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த சில வாரங்களில், 1956 டிசம்பரில், மாஸ்கோ போய் சோவியத் தலைவர் குருஷேவோடு சாப்பிட உட்கார்ந்து, அந்த மேஜையிலேயே ஹங்கேரியைப் பற்றி மல்லுக்கட்டினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கும் முந்தைய காலம். சிமோனின் அப்பா காமின்கர், போலந்து யூத வழிவந்தவர். 1940-ல் லண்டன் போய் நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுத் தலைவர் டி கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். நாஜிகள் பிடியிலிருந்த பாரிஸில் அம்மா, இரண்டு சின்னத் தம்பிகள். சம்பாதிக்க வேண்டியவர் 19 வயது சிமோன். ஜெர்மானியருக்கு ஜால்ரா போட்ட ஒரு பத்திரிகையில் செயலாளர் வேலை பார்த்தார். பிறகு அதை உதறிவிட்டு, சிஞோரே என்ற அம்மாவின் குடும்பப் பெயரில், பெயர்கூடப் போடாத துக்கடா வேடங்களில் தலைகாட்டினார். அந்தப் பத்திரிகை வேலையை 1976-ல் தன் சுயசரிதையில் அவரே எழுதினார். நட்சத்திரங்களின் சுயசரிதையில் இப்படிப் பக்கங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? மன்றோவும் அதில் வருகிறார். வசவு இல்லை, பரிவுதான் இருக்கிறது.

அப்புறம் அந்த 'அழகு'. குடித்தார், புகைத்தார், முகம் சீக்கிரமே தளர்ந்தது, எல்லாம் உண்மை. 56 வயதில் 'மேடம் ரோசா' படத்தில், ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து மீண்டு, பாலியல் தொழிலாளிகளின் பிள்ளைகளை வளர்க்கும் கிழவியாக, இருந்த வயதையும் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க மாடிப்படி ஏறினார். பிரான்ஸின் திரைப்பட விருதான சீசர் அவருக்கு. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் படத்துக்கு.

அதைத் தேடிப் பாருங்கள். பார்க்கும்போது மன்றோ சமாச்சாரம் ஒரு தடவையாவது ஞாபகத்துக்கு வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.