மருதாணி ஆரஞ்சிலேயே நின்றுவிடுகிறது, கோடும் உடைகிறது

வெந்நீரில் குழைத்து ஒரு மணி நேரத்தில் கோன் போட்டு, மூன்று மணி நேரத்தில் கழுவியதாக எழுதியிருந்தீர்கள். பொடி மேல் தப்பில்லை, அவசரம்தான் தப்பு.

மருதாணியில் நிறம் தருவது லாசோன். அது இலைத்தூளை விட்டு மெதுவாகத்தான் வெளியே வரும். 100 கிராம் பொடிக்கு 30 கிராம் சர்க்கரை, 30 மி.லி. லாவெண்டர் எண்ணெய் சேர்த்து, எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கெட்டியாகப் பிசையுங்கள். மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் தயாராகிவிடும், ஏசி அறையில் இன்னும் இழுக்கும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு தெரிந்தால் சரி. அதற்குப் பிறகே மீதிச் சாறு ஊற்றித் தயிர்ப் பதத்துக்குத் தளர்த்தி, நைலான் துணியில் வடிகட்டுங்கள். கோடு உடைவது பெரும்பாலும் திப்பியால்தான். இழுத்தால் நூல் போல நீளாவிட்டால் சர்க்கரை போதவில்லை. மழைக்காலத்தில் மட்டும் சர்க்கரையைக் குறையுங்கள், இல்லையென்றால் கசியும்.

எட்டு மணி நேரம் கையில் இருக்கட்டும். பிறகு சுரண்டி எடுங்கள், தண்ணீர் வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தவிர்த்தால் நல்லது. குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நிறம் முழுதாக ஏற 48 மணி நேரம் ஆகும், ஆகவே கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வைத்துவிடுங்கள். புறங்கை வெளிறித்தான் இருக்கும், அங்கே தோல் மெல்லிசு.

ஒரு மணி நேரத்தில் கறுக்கும் கோன் பக்கமே போகாதீர்கள். அதில் பி.பி.டி. என்ற, தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் ரசாயனம் இருக்கக்கூடும், கை கொப்பளித்துவிடலாம்.