தலை தீபாவளிக்கு மாமனாரை மார்வெல் படத்துக்குக் கூட்டிப்போனவனின் பதில்

"எண்ட்கேம் வரை வெறியாகப் பார்த்த மார்வெல் படங்கள் இப்போது ஏன் மனதில் ஒட்டவே மாட்டேன் என்கின்றன? எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு மட்டும் இல்லை. மார்வெலின் சூப்பர்ஹீரோக்கள் ஒன்றுசேர்ந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்த 2019 ஏப்ரலில் நீங்கள் கல்லூரியில் இருந்திருப்பீர்கள். முதல் நாள் டிக்கெட்டுக்காக நள்ளிரவில் செல்போனோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். இப்போது வேலை, தவணை, முதுகுவலி. "உனக்கு வயசாயிடுச்சு, அதான் பிடிக்கல" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்னிடம் சாட்சி இருக்கிறது. சாட்சிக்கு வயது 61, என் மாமனார்.

2023 நவம்பர், எனக்குத் தலை தீபாவளி, திருநெல்வேலியில். அந்த வெள்ளிக்கிழமை 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்', 'ஜப்பான்', 'தி மார்வெல்ஸ்' மூன்றும் வெளியாகியிருந்தன. வீட்டில் எல்லாருக்கும் ஜிகர்தண்டாதான் ஆசை. புது மாப்பிள்ளை என்ற செல்லம் இருக்கும்போதே அனுபவித்துவிடலாம் என்று நான் மார்வெல் என்றேன். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமனார் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தமிழ் டப்பிங், ஞாயிறு மதியக் காட்சி. எங்களையும் சேர்த்து அரங்கில் பதினோரு பேர். தீபாவளி அன்று!

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மாமனார் என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்ள, இந்தப் புள்ள யாரு?"

"கமலா கான். போன வருஷம் தொடரா வந்துச்சு மாமா."

"டிவியிலயா?"

"இல்ல மாமா, ஓடிடியில."

"சரி. அந்தம்மாவுக்கு எப்படி சக்தி வந்துச்சு?"

"மோனிகாவுக்கா? அது ஒரு சூனியக்காரி போட்ட வேலிக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்ததால வந்துச்சு."

"சூனியக்காரி எங்க?"

"அவ இந்தப் படத்துல இல்ல மாமா."

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெண் கொடுத்ததைப் பற்றி யோசிக்கிறவர் பார்க்கிற பார்வை. பின்வரிசையில் இருந்த ஒருவர் "அண்ணே, கதை சொல்றதுன்னா வெளிய போய் சொல்லுங்க" என்றார். அவர் மேலும் தப்பில்லை. அதற்குப் பிறகு மாமனார் எதுவும் கேட்கவில்லை. பூனைகள் கூட்டமாக வந்து ஆட்களை விழுங்குகிற காட்சியில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தக் காட்சிக்கு எந்த முன்கதையும் வேண்டாம் பாருங்கள். பூனை, வாய், ஆள், அவ்வளவுதான்.

மார்வெல் எங்கே கோட்டை விட்டது என்று எனக்கு உறைத்தது அங்கேதான். 2008இல் முதல் 'அயர்ன் மேன்' படத்தில், எழுத்தெல்லாம் ஓடி முடிந்தபிறகு ஒற்றைக்கண் உளவுத்தலைவர் நிக் ஃப்யூரி வந்து அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கூட்டணி பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைத்தது, எழுந்து போனவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. காய்கறிக்காரம்மா பை நிறையக் காய் போட்டுவிட்டு மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை வைப்பார்களே, அந்தக் கொசுறுதான் அது. இன்றைக்குக் காய் எடைக்கு நிற்பதில்லை. கறிவேப்பிலைதான் வியாபாரம். கறிவேப்பிலை எதற்கென்று தெரியாதவன் கடைப்பக்கமே வரக்கூடாது என்கிறார்கள்.

இப்போது ஒருவர் வருவார்: "எண்ட்கேம் மட்டும் என்ன, 21 படம் பார்த்தவனுக்குத்தானே புரியும்?" வாருங்கள். அந்த 21 படங்கள் 11 வருடத்தில் ஒவ்வொன்றாகத் தியேட்டருக்கு வந்தவை. பெரும்பாலானவற்றைத் தனியாகப் பார்த்தாலும் ஒரு படம் பார்த்த திருப்தி இருக்கும். என் அம்மா 'இன்ஃபினிட்டி வார்' படத்தைத் தொலைக்காட்சியில் பாதியிலிருந்து பார்த்துவிட்டு, "அந்த ஊதாக்காரனுக்கு ஆறு கல்லும் கிடைச்சா பாதிப் பேரு போயிருவாங்க, அதானே?" என்றார். அதேதான் அம்மா. 2021, 2022 இரண்டே வருடத்தில் குறும்படங்களை விட்டாலும் 7 படம், 8 தொடர், 2 சிறப்பு நிகழ்ச்சி வந்தன. 'வாண்டாவிஷன்' தொடர் பார்க்காமல் இரண்டாவது 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்துக்குப் போனவனுக்கு, மோனிகாவுக்கு வேலி போட்ட அதே சூனியக்காரி வாண்டா ஏன் இல்லாத பிள்ளைகளைத் தேடி ஊரையே கொளுத்துகிறாள் என்று எப்படி விளங்கும்? காசு கொடுத்துப் போய் வீட்டுப்பாடம் எழுதாத மாணவனைப் போல உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"'தி மார்வெல்ஸ்' பெண்கள் படம், அதனால்தான் ஓடவில்லை, நீயும் பெண்கள் படமென்றால் கரிக்கிற கூட்டம்தானே" என்று இன்னொருவர் வருவார். இல்லை ஐயா. இந்தப் படத்தின் நாயகி கேப்டன் மார்வெல் 2019இல் தனியாக வந்தபோது உலகம் முழுக்க 110 கோடி டாலருக்கு மேல் வசூல். 'தி மார்வெல்ஸ்' 20 கோடி டாலர் சொச்சத்தில் நின்றது. அதே நாயகி, அதே பூனை. இடையில் வந்த தொடர்களைப் பார்க்காதவன் ஏன் வரப்போகிறான்? போட்டிக் கம்பெனியான டிசியின் ரசிகர்கள் கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் நடிகரின் மீசையைக் கணினியில் மழித்துக் காட்டிய உங்கள் சூப்பர்மேனை நாங்கள் மறக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தியேட்டர்க்காரர்களே, எழுத்து ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போடுகிறீர்களே, யாருக்கு என்ன அவசரம்? அன்றைக்கு 'தி மார்வெல்ஸ்' முடிவில் மோனிகா ஒரு படுக்கையில் கண் விழிக்கிறாள். அடுத்து நீல ரோமத்தோடு, எக்ஸ்மென் என்ற இன்னொரு மார்வெல் கூட்டத்தின் பீஸ்ட் வரவேண்டும். 90களில் கடனில் தத்தளித்த மார்வெல், ஸ்பைடர்மேனைப் படமெடுக்கும் உரிமையை ஒரு ஸ்டுடியோவுக்கும் எக்ஸ்மென் உரிமையை இன்னொன்றுக்கும் கொடுத்துவிட்டது. எக்ஸ்மென் வைத்திருந்த ஃபாக்ஸை 2019இல் மார்வெலின் முதலாளியான டிஸ்னி வாங்கியபிறகுதான் இப்படியொரு காட்சிக்கே வழி பிறந்தது. இத்தனை வருடம் காத்திருந்து அந்த நொடிக்கு வந்தால், பளிச்சென்று விளக்கு, கதவு திறந்து தெருவின் வெயில், துடைப்பத்தோடு ஒருவர். திரை கறுத்துவிட்டது. ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினேன். மாமியார் பயந்துபோய் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பீஸ்ட்டை வீட்டுக்கு வந்து செல்போனில்தான் பார்த்தேன், அதுவும் யாரோ வேறொரு தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்ததை.

எண்ட்கேம் முடிவில் காட்சியே கிடையாது, சுத்தியல் சத்தம் மட்டும். அயர்ன் மேனான டோனி முதல் படத்தில் குகைக்குள் கவசம் அடித்தானே, அந்தச் சத்தம். அதற்காக அரங்கில் பாதிப்பேர் எழுந்திருக்காமல் இருந்தோம். தமிழில் டோனிக்கு விஜய் சேதுபதி குரல் என்று அவ்வளவு திட்டினோம், நானும் திட்டியவன்தான். அந்தச் சத்தம் கேட்டபோது யாருக்கும் அந்த நினைப்பே இல்லை.

சரி, மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். அன்று வண்டியில் திரும்பும்போது "ஒன்னே முக்கா மணி நேரத்துல விட்டுட்டான், அது நல்லது" என்று மட்டும் சொன்னார். இரவு மற்றவர்கள் ஜிகர்தண்டா இரண்டாம் ஆட்டத்துக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன். பின்னால் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

"மாப்ள, நம்ம பூனை படம் போட்டிருக்கான்! இது பழைய படம் போல. அந்த ஒத்தக்கண்ணன் இருக்கான்ல, இதுல அவனுக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சு. இப்பத்தான் பூனை பிறாண்டிருச்சு. கண்ணு போனது இதாலதான் மாப்ள! உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது மாமா என்றேன்.