என் வளர்ப்பால்தான் மகன் இப்படி ஆனானா?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறோம். மகன் பிளஸ் ஒன், மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். லீவில் வந்தவன், தனக்குப் பையன்கள் மீதுதான் ஈர்ப்பு வருகிறது என்று அழுதுகொண்டே சொன்னான். அவன் அப்பா சவுதியில். "அப்பன் கண்டிப்பு இல்ல, நீ செல்லம் கொடுத்த, ஹாஸ்டல் சகவாசம் வேற" என்கிறாள் என் அக்கா. கவுன்சலிங் கொடுத்தால் மாறுவானா?

பதில்: உங்கள் அக்கா சொல்வதை ஒரு காலத்தில் மனநல மருத்துவர்களே சொன்னார்கள். ஒதுங்கி நிற்கும் அப்பா, ஒட்டிக்கொள்ளும் அம்மா என்று 1962-இல் அமெரிக்காவில் ஆய்வே வந்தது. ஆனால் அதில் பார்த்ததெல்லாம் மனப்பகுப்பாய்வு, அதாவது பேச வைத்து அடிமனதை ஆராயும் சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும். சிகிச்சைக்கு வராதவர்களையும் விசாரித்து 1981-இல் வெளியான ஆய்வில் அந்த வாதத்துக்கு வலு கிடைக்கவில்லை. நம் பக்கமும் தெருவுக்கு நாலு வீட்டில் அப்பா வெளிநாட்டில்தான். அந்த வீட்டுப் பையன்கள் பெண் பார்த்துக் கல்யாணம் கட்டாமலா இருக்கிறார்கள்?

ஹாஸ்டல் கதையும் அப்படித்தான். 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், விடுதிப் பள்ளியில் படித்தவர்களிடம் இளவயதுத் தன்பால் அனுபவம் கூடுதலாக இருந்தது. பிற்கால வாழ்க்கையில் வித்தியாசம் இல்லை. 2019-இல் சுமார் 4.7 லட்சம் பேரை ஆராய்ந்தபோது, இந்த ஈர்ப்பைத் தீர்மானிக்கும் தனி மரபணு என்று ஒன்றும் அகப்படவில்லை. பல மரபணுக்களின் சின்னச் சின்னப் பங்களிப்புகள்தான் தெரிந்தன.

வீட்டின் பங்கு பெரிதாக இருப்பது வேறு இடத்தில். தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களிடம் நடத்தி 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வளரும் வயதில் குடும்பம் கடுமையாக வெறுத்து ஒதுக்கியவர்களிடம் தற்கொலை முயற்சி எட்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஈர்ப்பை நீங்கள் உண்டாக்கவும் இல்லை, மாற்றவும் முடியாது. அவன் நிம்மதியாகத் தூங்குவதும் படிப்பதும் உங்கள் கையில் நிறையவே இருக்கிறது.

"மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், டாக்டராக இருந்தாலும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில்தான், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய 'சிகிச்சை'யைத் தடுக்கச் சொன்னது; அடுத்த வருடமே தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பவர்களிடமும் ஜாக்கிரதை. அதில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும்.

இப்போதைக்கு "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்று ஒரு வார்த்தை. இதுதான் நான் என்று அவன் தீர்மானிக்க வருடங்கள் ஆகலாம். தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். அக்காவிடம் சொல்லும் முன் அவனைக் கேட்டீர்களா? அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதையாவது அவனிடம் விடுங்கள்.

சாப்பாடு, தூக்கம் குறைந்தால், சாவைப் பற்றிப் பேசினால் தாமதிக்க வேண்டாம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.